யாரிடமும் இல்லாத நான்கு நிமிஷம்

1986 ஆனி 9, திங்கள்

மூடாக்கு. காற்று. பலா பழுத்துவிட்டது, நாளைக்குள் இறக்க வேண்டும். வாங்க: உப்பு, கயிறு, தீப்பெட்டி.

மகன் முருகேசன் வந்து நான்கு நாள். லீவு என்றான். பொய். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மருமகள் கடிதத்தில்தான் தெரிந்தது. கடிதத்தின் அடியில் பேத்தி தன் பெயரை எழுதியிருக்கிறாள். ஐந்து வயசு, ஒரு எழுத்து கோணவில்லை. என் கையெழுத்து வாகு அது.

விமானத்துக்கு வழி சொல்கிறவன் என் மகன் என்று ஆலங்காயம் பஸ்ஸில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். த்தூ.

செவ்வாய்

ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டே விட்டேன். அங்கே ஆளுக்கொரு மேசையாம். ஒரு மேசைக்காரர் பார்க்கிற விமானத்தை, எல்லை வந்ததும் அடுத்த மேசைக்காரரிடம் ஒப்படைக்கணுமாம். முன்பு போனில் பேசி. இப்போது புது கம்ப்யூட்டர், அதுவே ஒப்படைக்கும்.

"பச்சை வெளக்கு எரிஞ்சிச்சிம்மா. அவரு வாங்கிக்கினாருன்னு நெனச்சேன்."

"அவரு இன்னா நெனச்சாரு?"

"இன்னும் என்கிட்டதான் கீதுன்னு."

நான்கு நிமிஷம் அந்த விமானம் யாரிடமும் இல்லை. எதிரே இன்னொன்று. ஓட்டுகிறவர் கண்ணால் பார்த்துத் திருப்பினாராம். உள்ளே எத்தனை பிள்ளைகளோ.

"போன் எங்க இருந்திச்சி?"

"கைக்கிட்டயே."

அவன் தின்ற தட்டைத் தொட அருவருப்பாக இருந்தது, அவனையே கழுவச் சொன்னேன். 

வியாழன்

நேற்று மழை, மரம் ஏறவில்லை. இன்று அவன் மேலே, நான் கீழே. நான்காவது பழம். கயிற்றில் பாதி வந்தது. முந்தானையைச் செருகக் குனிந்தேன், விட்டுவிட்டான். தோளை உரசிக்கொண்டு விழுந்து பிளந்தது. ஈ.

கீழே இருந்து "புடிச்சேன்" என்று குரல் வராமல் இந்த மலையில் எவனும் கயிறு விடமாட்டான்.

"நீ கீழதானேம்மா நின்ன!"

"நின்னா? புடிச்சேன்னு சொன்னனா?"

 அடுத்த பழத்தைக் கட்டி இறக்கினான், நான் "புடிச்சேன்" என்கிற வரை கயிற்றை விடவில்லை.

ஆபீசுக்கு எழுதிய விளக்கம் மாடத்தில் இருந்தது. இங்கிலீஷ். படித்துச் சொல்லச் சொன்னேன். வரிக்கு வரி கம்ப்யூட்டர் மேல் பழி.

"இதுல நீ எங்கடா?"

"என்னைப் போட்டா வேலை பூடும்மா."

காகிதத்தை வாங்கி மாடத்திலேயே திருப்பி வைத்தேன்.

சனி

தோள் வீக்கம். மஞ்சள் பற்று. உப்பு மறுபடியும் மறந்தேன்.

பழைய காகிதம் அடுப்பில் எரிகிறது. புதுசு எழுதியிருக்கிறான். முதல் வரியைத் தமிழில் சொன்னான்: "நான் போனை எடுத்துக் கேட்கவில்லை." வேலை போகலாம். போனால் பேத்தி பள்ளிக்கூடத்துக்கு என்ன வழி, தெரியவில்லை. அவன் மேல் அருவருப்பு முழுசாகப் போகவில்லை. ஆனால் இன்று அவன் தட்டை நானே கழுவி வைத்தேன்.

தபால்காரர் வந்தார். புது விளக்கம் வைத்த கவரை நீட்டினேன். இழுத்தார். நான் விடவில்லை.

"இன்னா ஆயா, வுடு."

"புடிச்சேன்னு சொல்லு."

"இன்னாது?"

"சொல்லுய்யா."