பனிக்குள் டெராஹெர்ட்ஸ்

ஜூலை 11, வெள்ளி

இல்லை, இன்றும் சிக்னல் வரவில்லை. ஜன்னலில் மூடுபனி. தலையணை ஈரம், இந்தத் தாளும் ஈரம். ரேடியோ அலைக்கும் வெப்பக் கதிருக்கும் இடைப்பட்ட டெராஹெர்ட்ஸ் அலையை ஈரக்காற்று எவ்வளவு விழுங்கும் என்று அளக்க மலைமேல் நாகலூரில் இருக்கும் எங்கள் வீடே போதும் என்று பேராசிரியரிடம் சொன்னது நான்தான். விழுங்குகிறது. முழுதாக.

ஏற்பாடு: பின்னறையின் அந்தக் கோடியில் அலைபரப்பி. அதன் முன் சுழலும் இறக்கைத் தட்டு, அலையை விட்டு விட்டு அனுப்ப. இந்தக் கோடியில் டிடெக்டர், சுவிட்ச், நான். டிடெக்டருக்குச் சூடு மட்டுமே தெரியும். அதிலும் தட்டின் தாளத்தில் ஏறி இறங்கும் சூடு.

திங்களன்று கருவியைத் திருப்பித் தர வேண்டும். அதற்குள் ஒரு வரைபடமாவது. இல்லையென்றால் ஆய்வேட்டில் அந்த அத்தியாயமே கிடையாது.

எஸ்டேட்டிலிருந்து வந்த அப்பா, ஸ்வெட்டரை உதறியபடி: "மேகத்த அளக்கவா கண்ணு இத்தன வருசம் படிச்ச? நொம்ப ஈரம்னு நானே சொல்லீருப்பனே."

சிரிப்பு வரவில்லை.

சனி

கரண்ட் போய்ப் போய் வந்தது. டிடெக்டர் முன்னிருந்த கருப்பு பாலிதீன் வடிகட்டியைக் கழற்றினேன். வேற்றுச் சூட்டைத் தடுப்பது அதன் வேலை. ஆனால் அலையிலும் கொஞ்சம் தின்கிறது. இருக்கும் துளியையும் ஏன் இழக்க?

பயனில்லை. சாப்பிடும்போது அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். ஈரம்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது என்று.

ஞாயிறு

காலை. வந்துவிட்டது. திரையில் அழகான கோடு. பேராசிரியருக்கு ஃபோன். "நல்லதும்மா. சாயந்திரத்துக்குள்ள அனுப்பிடு."

மதியம். வெளியே பனி விலகியது. ஈரம் குறைந்தால் கோடு உயர வேண்டும். மெல்ல இறங்குகிறது. அலைபரப்பியை அணைத்தேன். கோடு அப்படியே.

எழுந்து அந்தக் கோடிக்குப் போனேன். அலைபரப்பிக்குப் பின்னால், ஸ்டூல் மேல், கணப்புச் சட்டி. மழைக்காலத்தில் அம்மா துணி காய வைப்பது அதில்தான். கரி பாதி சாம்பலாகி, மீதி சிவந்து கிடந்தது. வடிகட்டி இல்லாத டிடெக்டருக்கு, சுழலும் தட்டின் வழியே விட்டு விட்டு வரும் அந்தச் சூடும் அலைதான். அறை கதகதப்பாக இருந்ததைச் சந்தோஷம் என்று எண்ணியிருக்கிறேன்.

"ஈரந்தான் கெடுக்குதுன்னு நீதான கண்ணு சொன்ன? துணிக்கு வெக்கிறத மிசினுக்கு வெச்சேன். உங்கப்பா வேட்டி இன்னும் காயல."

"அம்மா, அது நெருப்ப அளந்திருக்கு."

"நல்லா அளந்துச்சா?"

நன்றாகத்தான் அளந்திருந்தது. அதுதான் எரிச்சல்.

மாலை. வடிகட்டியை மாட்டினேன். சட்டியைத் துணிக்கொடிக்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன். அலைபரப்பியைப் போட்டேன். கோடு தரையில். பூஜ்யத்தில் கிடந்த அந்தக் கோட்டைப் பேராசிரியருக்கு அனுப்பினேன். காலையில் வந்தது கரி நெருப்பு என்று ஒரு வரியும். பிறகு கருவியைப் பெட்டியில் அடுக்கினேன்.