கலருக்குக் கலர்

அன்பான அப்பாவுக்கு, புனேயிலிருந்து ஹெப்சிபா. ஸ்தோத்திரம். முட்டுவலி எப்படி இருக்கு? நான் சுகம்.

நான் செஞ்ச ரோபோக் கை ரெண்டு நாளா அசையல. ராஜபாளையம் மில்லுல வயரிங் பாக்கையில நீங்க சொன்னதை நெனச்சுத்தான் வயர் சேத்திருந்தேன்: "ஏட்டி, கலருக்குக் கலர் சேரு." உத்தரவு போடுற போர்டுலயும் மோட்டாரை ஓட்டுற போர்டுலயும் பேசுற வயர் மஞ்சள், கேக்குற வயர் பச்சை. மஞ்சளோட மஞ்சளைச் சேத்துட்டேன். ரெண்டும் பேசுது, கேக்க ஆளில்ல. மஞ்சளைப் பச்சையோட மாத்திக் குடுத்ததும் கை தூக்கிருச்சு. பக்கத்துல யாருமில்ல, நானே கைதட்டிக்கிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தை வீட்டுல நான் விட்டுட்டு வந்த உங்க டெஸ்டரை வாங்கி அனுப்புங்க. இங்கயும் கிடைக்கும், அதுல நீங்க வாயில கடிச்சுக்கிட்டு வேலை பாத்த பல்லுத் தடம் இருக்காதுல்ல.

ஆபீஸ் வண்டி வந்துட்டு. ஞாயித்துக்கிழமை போனை உடனே அம்மாகிட்ட குடுத்துறாதீங்க. செத்த நேரம் நீங்க பேசுங்க, நான் கேக்குறேன்.