மாமன் பெயரில் வந்த மருத்துவச்சிப் பட்டம்

ஜூன் 6, 2022

மருமகள் ஸியோனே, என் தங்கை மகள், இன்று இறுதித் தேர்வை எழுதி முடித்தாள். என் சோளக்காட்டுக் கறையான் புற்றின் உச்சியில் உட்கார்ந்து, கைப்பேசியில். தலைநகரில் ஒரு கல்லூரி கைப்பேசி வழியாகவே நடத்தும் இரண்டு வருடப் படிப்பு, உதவி மருத்துவச்சி ஆவதற்கு. ஊரில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அந்தப் புற்றுதான். ஆகவே மலாவியிலேயே உயரமான பல்கலைக்கழகம் என்னுடையது. அவள் எழுதும்போது தொந்தரவு செய்ய வந்த பன்னிரண்டாயிரம் ஆடுகளைத் தனியொருவனாக விரட்டினேன். சரி, மூன்று ஆடுகள்.

சுகாதார நிலையத்தில் அவள் தரை துடைக்கிறாள். அங்கேயே ஒரு உதவி மருத்துவச்சி இடம் காலி. ஜூலை முடிவதற்குள் சான்றிதழோடு வந்தால் அவளுக்கு என்றிருக்கிறார்கள்.

ஜூன் 9

சோளம் உதிர்த்தோம். விரல்கள் இருந்த இடத்தில் பத்துக் கொப்புளங்கள்.

ஜூன் 27

தேர்ச்சி! நூற்றுக்கு எண்பத்தொன்பது என்று கைப்பேசிக்குச் செய்தி வந்தது. சேவல் அடித்து, சோளமாவில் ந்சீமாக் களி கிண்டினோம். நான் ஆடிய ஆட்டத்தில் பக்கத்து மாவட்டம் வரை நிலம் அதிர்ந்திருக்கும்.

ஜூலை 8

தபாலில் சான்றிதழ் வந்தது. ஸியோனே பிரித்தாள், படித்தாள், என்னிடம் நீட்டினாள்.

"மாமா, இது உங்களுக்கு வந்திருக்கு."

சிரித்துக்கொண்டே வாங்கினேன். திரு. லைசோனி ம்பேவே, உதவி மருத்துவச்சி. நான்தான். வயது ஐம்பத்தெட்டு, மீசையோடு.

சிம் கார்டு என் பெயரில் இருக்கிறது. கல்லூரி பெயரை அதிலிருந்துதான் எடுத்திருக்கிறது. சிம் வாங்கிய அன்று, சந்தையில் கம்வேந்தோவின் கைப்பேசிக் கடையில் அவள் தன் அடையாள அட்டையைத்தான் நீட்டினாள். கையைத் தள்ளிவிட்டவன் நான். "தாய்மாமன் நான் உயிரோட இருக்கேன், பொண்ணு பேர்ல எதுக்குய்யா பதியறே?" எங்கள் வீடுகளில் கல்யாணப் பேச்சும் நிலத்தகராறும் மாமன் பெயரில்தான் நடக்கும். சிம்மும் அப்படித்தானே என்று — எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்!

ஜூலை 12

தலைநகர் லிலோங்வேக்குப் போனேன். கல்லூரியில் கம்பளிச் சால்வை போர்த்திய ஒரு பெண் அதிகாரி.

"நான் படிக்கலம்மா. பிரசவம்னா எனக்கு ஓடி ஒளியத்தான் தெரியும். படிச்சது என் மருமக."

முதலில் சிரித்தாள். பிறகு பேனாவைத் திறந்தாள். "அப்ப உங்க பேர்ல வேற ஆள் தேர்வு எழுதினாங்களா? அது ஆள்மாறாட்டம் ஐயா. ரெண்டு பேருக்கும் அஞ்சு வருஷம் தடை. எழுதிக்கட்டுமா?"

வாழ்நாளெல்லாம் புளுகியும் மாட்டாதவன், ஒரு உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

"விளையாட்டுக்குச் சொன்னேன்மா. நான்தான் எழுதினேன்."

"இந்த வயசுலயா!" என்று நாலு பேரைக் கூப்பிட்டாள். கறுப்பு அங்கி ஒன்றை மாட்டிவிட்டுப் படம் எடுத்தார்கள்.

ஜூலை 13

ஸியோனேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"அங்கி போட்டீங்களா?"

"போட்டுவிட்டாங்க."

"படத்துல சிரிச்சீங்களா?"

சிரிச்சேனே. பல்லெல்லாம் தெரியச் சிரிச்சேனே! யார் சிரிக்கச் சொன்னா என்னை? அந்த ஒரு நிமிஷம் பட்டம் என்னோடதுன்னே — சீ.

ஜூலை 29

வேலை வேறு ஊர்ப் பெண்ணுக்குப் போயிற்று. நல்ல பெண்ணாம். அவளுடைய அறையையும் ஸியோனேதான் துடைக்கிறாள்.

ஆகஸ்ட் 6

சந்தையில் கம்வேந்தோ தன் தொப்பையைத் தள்ளிக்கொண்டு வந்தான். "மருத்துவச்சி ஐயா, எனக்கு எட்டு மாசம். கொஞ்சம் தொட்டுப் பாருங்க!" சந்தையே சிரித்தது. வேறொரு நாளாக இருந்தால் இரட்டைப் பிள்ளை, இரண்டுக்கும் உன் மூக்கு என்று சொல்லியிருப்பேன். தக்காளி வாங்காமல் திரும்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 15

ஸியோனே புது சிம் வாங்கக் கிளம்பினாள். மறுபடியும் முதல் பாடத்திலிருந்து. மறுபடியும் இரண்டு வருடம். நான் தொப்பியை எடுத்தேன்.

"நீங்க இருங்க மாமா."

தனியாகப் போய் வந்தாள். சாயங்காலம் புற்றின் மேல் ஏறி உட்கார்ந்தாள். மனம் கேட்காமல் பாதி தூரம் ஏறி எட்டிப் பார்த்தேன். கை கழுவும் முறை, படத்தோடு.

"சந்தேகம் இருந்தா கேளும்மா. என்கிட்ட சான்றிதழ் இருக்கு" என்றேன்.

அவள் தலை நிமிரவில்லை.

"கொஞ்சம் கீழ இறங்குங்க மாமா. சிக்னலை மறைக்கிறீங்க."

இறங்கினேன்.