உன் அம்மாவின் கரண்ட் படிப்பும் ரேடியோவில் வந்த நானும்

லம்பாசா
ஞாயிறு, ஆராதனை முடிந்து

அன்பு மகள் கெலெராவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் என் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை, உன் அம்மாவுக்கு என்னைவிட நன்றாகவே இருக்கிறது, மெல்பர்ன் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொன்னால் போதாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ சிரிக்கிறாய். போன தடவை நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, ரேடியோவுல வந்தது நீங்கதானாமே அப்பா என்று விழுந்து விழுந்து சிரித்தாய். உன் சித்தி மகள் லிட்டியா உனக்கு என்ன கதை கட்டி அனுப்பினாளோ தெரியாது. நடந்ததை நானே எழுதிவிடுகிறேன், படித்துவிட்டு அப்புறம் சிரி.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதையெல்லாம் கிளப்பிவிட்டவள் நீதான். பள்ளிக்கூடச் சமையலறையில் தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த உன் அம்மாவிடம், தொழிற்கல்லூரியில வயசானவங்களையும் பொம்பளைங்களையும் கரண்ட் வேலை படிக்கச் சேத்துக்கிறாங்களாம்மா, தெருவுல எல்லார் வீட்டு இஸ்திரிப் பெட்டியையும் சும்மாதானே பிரிச்சு மாட்டுறீங்க, போய்ச் சேருங்க என்று நீ அங்கிருந்து சொன்னாய். நாற்பத்தொன்பது வயதில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். வகுப்பு முழுக்க மீசை முளைக்காத பையன்கள். முதல் நாள் ஒருவன், பெரியம்மா ஏணியைக் கொஞ்சம் புடிங்க என்றானாம், ஏறுறது நான், நீ புடிடா தம்பி என்றாளாம் இவள். அன்றிலிருந்து அவர்களுக்கெல்லாம் இவள் செல்லம். எனக்குத்தான் ரோதனை. காலையில் நான் பஸ் எடுக்கிற முதல் டிரிப்பில் கருவிப்பெட்டியோடு என் சீட்டுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொள்வாள், நான் கியர் மாற்றினால்கூட, அந்த ஹெட்லைட் ஒயர் லூசா இருக்கு, கேக்குதா பாரு என்பாள். வீட்டிலே ஒரு ஸ்விட்சை அவளைக் கேட்காமல் போட முடியாது. போட்டால் எர்த் என்றும் லீக்கேஜ் என்றும் பாடம் தொடங்கிவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தலைநகர் சுவாவிலிருந்து தருசிலா என்று ஒரு பெண் வந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். தொழிற்படிப்பு யாருக்கு எட்டுகிறது, யாருக்கு எட்டவில்லை, சேர்ந்தவர்கள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்கிறாளாம். நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். பாயில் உட்கார்ந்து நான் தேங்காய்ப்பாலில் வைத்த மீனை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். நான் வைத்த மீன் என்பதை நன்றாகக் கவனி. சாப்பிட்ட பிறகு, அவங்க படிக்கிறதுல வீட்டுக்காரருக்கு என்ன கஷ்டம், மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க என்றாள். கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? சாயங்காலம் வீட்டுக்கு வந்தா அடுப்பு சில்லுன்னு கிடக்கு, பொண்டாட்டி ஏணி மேல நிக்கிறா, இதுக்கா கல்யாணம் பண்ணுனேன் என்றேன். உன் அம்மாவும் சிரித்தாள், அவளும் சிரித்தாள். அப்புறம் நானே, அதனால என்ன, நான் மூட்டிக்கிறேன், அவ படிக்கட்டும், கல்லூரி வாசல்ல தினமும் இறக்கி விடுறதே நான்தான் என்றும் சொன்னேன். இரண்டையும்தான் சொன்னேன்.

மழைக்காலம் முடிகிற சமயம். சந்தை நிறுத்தத்தில் பஸ் நிரம்பிவிட்டது, கீரைக்கட்டும் நண்டுமாகப் பெண்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள், வழக்கம்போல ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்து ஒருத்தி பேச ஆரம்பித்தாள். பெண்கள் தொழிற்படிப்பு படிக்க எது தடை என்று புதிய ஆய்வு ஒன்று வந்திருக்கிறதாம், கணவர்களின் எதிர்ப்பும் ஒரு பெரிய தடையாம், உதாரணமாக வடக்கே ஐம்பத்து மூன்று வயது பஸ் ஓட்டுநர் ஒருவர் சொல்கிறார் என்று சொல்லிவிட்டு, அடுப்பு, ஏணி, கல்யாணம் எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் வாசித்தாள். மீதிப் பாதியைக் காணோம். அப்புறம் பின்சீட்டிலிருந்து மீன் விற்கிற சலோத்தே, நம்ம பக்கத்துல அம்பத்து மூணு வயசுல எத்தனை டிரைவருங்க இருக்காங்கன்னு யாராச்சும் எண்ணிச் சொல்லுங்கடி என்றாள். அவ்வளவுதான். மலை ஏறி இறங்கும்வரை சிரிப்பு ஓயவில்லை. இறங்கும்போது ஒவ்வொருத்தியும், டிரைவரே, வீட்ல நெருப்பு வேணுமா, தீப்பெட்டி தரட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் இறங்கினாள். பேர் போடாமல் எழுதினார்களாம்! நம் ஊரில் பேர் வேறு போட வேண்டுமா?

இதோடு போயிருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்கவே மாட்டேன். படிப்பு முடிகிற நேரத்தில் ஒரு காண்டிராக்டரிடம் சில மாதம் நேரடியாக வேலை பார்த்தால்தான் சான்றிதழ் தருவார்கள், அது உனக்குத் தெரியும். பையன்களுக்கெல்லாம் இடம் கிடைத்துவிட்டது. உன் அம்மாவுக்காக அவளுக்குப் பாடம் நடத்துகிற சந்த்ரேஷ் மாஸ்டர் கூடவே வந்து ஒவ்வொரு இடமாக ஏறி இறங்கினார். எங்க சைட்டுல பொம்பளைங்களுக்குக் கழிவறை இல்லை என்றான் ஒருவன். அடுத்தவன், அடுத்த வருஷம் பாக்கலாம் என்றான். கடைசியில் பெனிஜமினி, நம் சபையிலேயே பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடுகிறவன், அவன் சொன்னான், வீட்ல அண்ணனுக்கே பிடிக்கலைன்னு ரேடியோவுலயே சொல்லிட்டாங்களே, நாளைக்கு அவர் என் சைட்டுக்கு வந்து சத்தம் போட்டா நான் என்ன பண்றது என்று.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கருவிப்பெட்டியை மூலையில் வைத்துவிட்டு மரவள்ளியை உரிக்க உட்கார்ந்தாள். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். பெனிஜமினி என்ன சொன்னான்னு மாஸ்டர் சொன்னாரு என்றேன். ஆமா என்றாள். நான் அப்படிச் சொல்லலை, முழுசாச் சொன்னேன், நீ பக்கத்துலதானே இருந்தே என்றேன். இருந்தேன், எனக்குத் தெரியும், எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது என்றாள். என் வாழ்க்கையில் இவ்வளவு எரிச்சல் எனக்கு வந்ததில்லை கெலெரா. அதை யார்மேல் காட்டுவது என்றுகூடப் புரியவில்லை.

மறுநாள் என் தடத்தில் பெனிஜமினி புதுக் கட்டடம் கட்டுகிற இடம் வந்தது. பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிட்டேன். எல்லாரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். பெனிஜமினி, அடுப்பு என்னோட அடுப்பு, அது சில்லுன்னு கிடந்தா உனக்கு எங்கடா குளிருது என்றேன். அவன் கையைப் பிசைந்துகொண்டு, அண்ணே அது மட்டும் இல்லை, கழிவறைப் பிரச்சினையும் இருக்கு என்றான். ஜன்னலிலிருந்து சலோத்தே, உன் பொண்டாட்டி சந்தைக்கு வந்தா எங்கே போறான்னு நெனைக்கிறே, கதவு போட்டு ஒண்ணு கட்டேன், கட்டடம் கட்டுறவன்தானே நீ என்று கத்தினாள். பஸ்ஸே கை தட்டியது. ஆனாலும் அவன் அசையவில்லை. எனக்குக் கிடைத்தது, தாமதமாகப் போனதற்கு மேலாளரிடம் ஒரு வசவு மட்டும்தான்.

அதற்குப் பிறகு தருசிலாவுக்குப் போன் போட்டேன். வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அந்தப் பெண் ஒரு சாக்கும் சொல்லவில்லை, முழுவதையும் கேட்டுவிட்டு, நீங்க சொன்ன ரெண்டு பாதியும் அறிக்கையில இருக்கு, ரேடியோக்காரங்க ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கிட்டாங்க, ஆனா சின்ன ஊர்ல உங்களை எல்லாரும் கண்டுபிடிச்சிருவாங்கன்னு நான் யோசிச்சிருக்கணும், என்னை மன்னிச்சிருங்க என்றாள். சரி, அதை விடு, புருஷங்களையெல்லாம் கேட்டியே, வேலை தர மாட்டேங்கிற காண்டிராக்டருங்களை ஏம்மா கேக்கலை என்றேன். கேட்டேன், ஒருத்தரும் பேச வரலை, நீங்கதான் உக்காத்தி வச்சு மீன் போட்டுப் பேசுனீங்க என்றாள். அதாவது பேசியவன் ரேடியோவில் மாட்டிக்கொண்டான், வாயை மூடியவன் நல்லவனாகிவிட்டான். இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

இருந்தாலும் தருசிலா சும்மா இருக்கவில்லை. தவெயூனித் தீவில் மருத்துவ நிலையங்களுக்கு சோலார் மாட்டுகிற ஒரு குழுவிடம் அவளும் மாஸ்டரும் பேசினார்கள். அதன் தலைவர் வத்திமி என்பவர் போன மாதம் நேராக எனக்கே போன் செய்தார். அய்யா, உங்க மனைவி நாலு மாசம் எங்க கூடத் தங்கி வேலை பாக்கணும், ரேடியோ விஷயம் கேள்விப்பட்டேன், உங்களுக்குச் சம்மதம்தானான்னு உங்க வாயால கேட்டுக்கலாம்னு கூப்பிட்டேன் என்றார். அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்துவிட்டது. ஏன் அய்யா எல்லாரும் என்னையே கேக்குறீங்க, படிச்சது நானா, பரீட்சையில பாஸானது நானா, எனக்கு ஃபியூஸ் மாத்தக்கூடத் தெரியாது, வேலைக்கு வர்றவளைக் கேளுங்க என்றேன். திரும்பினால் உன் அம்மா வாசலில் நிற்கிறாள். என் கையிலிருந்து போனை வாங்கி, எந்தப் படகுல வரணும் என்று மட்டும் கேட்டாள்.

அவள் கிளம்பின அன்றைக்குப் படகுத்துறைப் பக்கம் ஓட வேண்டிய டிரைவரிடம் மாற்றிக்கொண்டு நானே கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் நான் செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது என்று ஒப்பித்துக்கொண்டே வந்தாள், துறை வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள், கடல் வேறு அன்றைக்கு முரட்டுத்தனமாக இருந்தது. வீட்டில் இப்போது நானும் நாயும்தான். நேற்றுச் சாயங்காலம் போன் செய்தாள். எப்போது பேசினாலும் பின்னால் ஜெனரேட்டர் கடகடவென்று அரைத்துக்கொண்டே இருக்கும், இவள் கத்துவாள், நான் என்ன என்ன என்பேன். நேற்று ஒரு சத்தமும் இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன். இருக்கேன், கத்தாதே, பிரசவ அறைக்கு லைட் வந்துருச்சு, ஜெனரேட்டரை இப்பத்தான் நிறுத்தினோம், அதான் என்றாள். தூரத்தில் ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

எனக்குக் கை வலிக்கிறது, முடிக்கிறேன். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அம்மாவைப் படி படி என்று விரட்டினாயே, நர்சிங் சேரப்போகிறேன் என்று நீ சொல்லி இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது. முதியோர் இல்லத்தில் இரட்டை ஷிப்ட் பார்த்து இடுப்பை ஒடித்துக்கொள்ளாதே, இந்த மாதம் முடிவதற்குள் பேரைப் பதிந்துவிட்டு எனக்குச் சொல். அங்கே எவளாவது ஆராய்ச்சி என்று வந்து, உங்க அப்பாவுக்கு இதுல சம்மதமா என்று கேட்டால் என் நம்பரைக் கொடுத்துவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு ஆராதனையை விடாதே, கம்பளிக் காலுறை போடு. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து உன்னைப் பெருகப் பண்ணுவாராக.

உன் மேல் கோபமும் பாசமுமாக,
அப்பா
ஏபராமா