ஆம்பூர் வெயிலில் உன் பனிமலைச் செடி

என் செல்லத் தங்கச்சி ஷமீமுக்கு,

உன் நீலப்பூச் செடிகளில் ஒன்று பிழைத்திருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், உனக்குப் பொறுமை கிடையாது.

காஷ்மீர் போய் வந்த உன் தம்பி அந்த விதையைக் கொடுத்து, "பனி பேயுற மலைல, பாறை இடுக்குல வர்ற செடி. நம்ம ஊர்ல முளைச்சுப் பூத்துச்சுன்னா மொட்டை போட்டுக்கறேன்" என்று சிரித்தான். "முளைக்கும்டா, பூக்கவும் வைப்பேன்" என்று வீம்பாக நின்றாய். குளிர் பட்டால்தான் முளைக்குமாம் என்று என் வீட்டு ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் விதையை வைத்தாய். நகம் அளவு இலை விட்ட நேரத்தில் காய்ச்சலில் படுத்தவள், எழவே இல்லை. இது என்ன நியாயம், சொல்?

ஷூ கம்பெனியில் உன் தையல் மெஷினில் இப்போது வேறு பெண் உட்காருகிறாள். நல்ல பெண்தான். எனக்குத்தான் அந்தப் பக்கம் திரும்ப மனசு வரவில்லை.

வெயிலுக்காகப் பெரிய தொட்டியில் மணல் நிரப்பி, செடி இருந்த மண்தொட்டிகளை அதில் புதைத்து, மணலை ஈரமாகவே வைத்திருந்தேன். குளுகுளுவென்றுதான் இருந்தது. ஆனால் ஊற்றியது நம் ஊர் போர் தண்ணீர் ஆயிற்றே! சோப்பையே நுரைக்க விடாத அந்த உப்பு தொட்டிச் சுவர் வழியாக உள்ளே ஊறி, மண்மேல் வெள்ளையாகப் படிந்தது. ஒன்றைத் தவிர எல்லாம் கருகின.

"வுட்ருங்கக்கா, இதுக்குப் போய் இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு?" என்றார் உன் வீட்டுக்காரர். விடுவேனா? கம்பெனி ஆபீஸ் ஏசியில் சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை. தினமும் பாட்டிலில் பிடிக்க ஆரம்பித்தேன். கேட்டில் பை சோதிக்கும் செக்யூரிட்டி அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"இன்னாமா இது?"

"ஏசி தண்ணிண்ணே. ஷமீம் வச்ச செடிக்கு."

"தோலைத் திருடினவங்களப் பார்த்திருக்கேன். ஏசி தண்ணியத் திருடறவங்கள இப்பதான் பார்க்கறேன்" என்று சிரித்து விட்டுவிட்டார்.

நேற்று உடம்பு முடியாமல் லீவு போட்டேன். இன்று அவரே பாட்டிலை நீட்டினார். "நேத்து நானே புடிச்சி வச்சேன்மா. அந்தப் பொண்ணு தெனம் எனக்கு சலாம் சொல்லிட்டுதான் உள்ள போவும்." கேட்டிலேயே அழுதுவிட்டேன்.

கத்திரி வெயில் வரப்போகிறது. வரட்டும், பார்த்துக்கொள்கிறேன். பூத்தால் உன் தம்பிக்கு மொட்டை. கருகினால் அவனிடமே மறுபடி விதை கேட்பேன். உன் மெஷினை என்னால் காலியாக வைத்திருக்க முடியவில்லை. இட்லி மாவுக்குப் பக்கத்து இடத்தில் மட்டும் இன்னும் யாரையும் எதையும் வைக்க விடவில்லை.

கூடப் பிறக்காத உன் அக்கா,
செல்வி