ராஜா இல்லாத சபை

ஆடி மாதம், வெள்ளிக்கிழமை இரவு.

டச்சுக்காரர்களின் தேசச் சபையில் இளவரசர் கட்சியின் கை ஓங்கிவிட்டதாம். காலையில் கப்பலில் சேதி வந்ததும் கோட்டையில் பெரிய துரைக்கும் சின்ன துரைக்கும் பேச்சு நின்றுபோனது. பெரியவர் இளவரசர் பக்கம், சின்னவர் எதிர்ப்பக்கம். குப்பத்தார் முகத்துவாரத்தில் வலை போட இருவர் முத்திரையும் வேண்டும். குப்பத்துத் தலைவர் மாரி வாசலிலேயே காத்துக் கிடந்தார்; துரைமாரின் பேச்சை மொழிபெயர்க்கும் என்னைக் கண்டதும் கேட்டார்.

"இன்னா துபாஷி, அவங்க ராஜா இன்னானு சொல்றாரு?"

"அவங்களுக்கு ராஜா இல்ல மாரி. இளவரசர்னு ஒருத்தர் இருக்காரு, அவரு படைத்தலைவர் மட்டுந்தான். ஏழு நாட்டு ஆளுங்க கூடி உக்காந்து முடிவு பண்ணுவாங்க. அதுல ரெண்டு கட்சி."

"அப்ப ஏழு குப்பத்துப் பஞ்சாயத்துனு சொல்லு. அதான் சண்டை."

இதை அப்படியே துரைமார்களிடம் டச்சில் சொன்னேன். பெரியவர் சிரித்துவிட்டார். ஏழில் எது பெரிய குப்பம் என்று கேட்டார். குப்பங்களில் பெரிது சிறிது கிடையாது என்று சின்னவர் மறுத்துப் பேசினார். வாக்குவாதம் சூடுபிடித்தபோது அனுமதிச் சீட்டை நீட்டினேன். பேசிக்கொண்டே இருவரும் முத்திரை வைத்தார்கள்.

மாரி என் கையைப் பிடித்து, "பசங்க இன்னிக்கே போறாங்க" என்றார்.

நாளை எந்தத் துரைக்கு முதலில் வணக்கம் வைப்பது என்றுதான்... போகட்டும். முகத்துவாரத்தில் படகு விளக்குகள் தெரிகின்றன. நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.