பதினான்கு பிள்ளைகள் கண்மூடியிருந்தபோது

கோலா சாவா,
14 ஜூலை, ஞாயிறு

மாதவியின் அப்பாவுக்கு,

ரதி எழுதுகிறேன். நானும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். அங்கே மலைக்குளிர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்ததா என்று நீங்கள் எழுதவே இல்லை. கைப்பேசியை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் தியான நிலையத்தில் கடிதத்தையாவது விட்டுவைத்திருக்கிறார்களே, அந்த மட்டும் சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் படித்தபோது கடிதம் எழுதியது. இருபது வருஷம் கழித்து மறுபடியும் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

கூரை ஒழுகிய இடத்தைத் தோட்டத்துக் கங்காணி, அதுதான் நம் மண்டோர் மணியம், ஆள் அனுப்பி அடைத்துவிட்டார். தினமும் சாயங்காலம் மழை. கால்வாய் நிரம்பி செம்பனை மரங்களுக்கு நடுவே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. மாதவிக்கு முன்பல் விழுந்துவிட்டது. "சோறு" என்று சொல்லச் சொன்னால் காற்றுதான் வருகிறது.

போன கடிதத்தில் தியானம் வேறு, விழிப்பு வேறு என்று உங்கள் குரு சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கி, கண்ணை மூடி, மூச்சோடு உட்கார்ந்திருப்பது தியானம். எழுந்த பிறகு தட்டைக் கழுவும்போது தட்டைக் கழுவுகிறோம் என்று தெரிந்து கழுவுவது விழிப்பு. முதலாவது உங்களுக்கு வந்துவிட்டது, இரண்டாவது வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். "உக்காந்தா மனசு அடங்குது. எந்திரிச்சா லாரியோட பின்பக்கம்தான் கண்ணுல நிக்குது" என்ற வரியை மூன்று தடவை படித்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. தட்டைக் கழுவும்போது தட்டைக் கழுவாமல் வேறு என்ன செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் உங்கள் கடிதத்தால் ஒரு காரியம் நடந்திருக்கிறது. பாலர் பள்ளியில் பசியாறிய பிறகு பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து ஐந்து நிமிஷம் கண்ணை மூடச் சொல்கிறேன். வயிற்றில் கையை வைத்து மூச்சை எண்ண வேண்டும். முதல் வாரம் நம் மாதவி உட்பட எல்லாரும் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டு சிரித்தார்கள். இப்போது பரவாயில்லை, உட்காருகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். பள்ளியில் சமைக்க வந்திருப்பது நல்லசாமி அண்ணன் மனைவி பஞ்சாலை அக்கா. அண்ணன் இனிமேல் தோட்டத்தில் செம்பனைப் பழம் வெட்டப் போகமுடியாது என்று ஆன பிறகு, பெற்றோர் சங்கத்தில் கூப்பிட்டு அந்த வேலையைக் கொடுத்தார்கள். காலையில் "வாங்க டீச்சர்" என்பார். நானும் "வரேன்கா" என்பேன். அதற்கு மேல் எங்களுக்குள் ஒரு வார்த்தை கிடையாது. அவர் கோபமாக இருப்பதாகத் தெரியவில்லை. எனக்குத்தான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. போன நவம்பரில் நீங்கள் லாரியைப் பின்னால் எடுத்தபோது அவர் புருஷனுடைய கால் போனது. "கண்ணாடியப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன் ரதி, ஆனா பாக்கல" என்று ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் சொன்னீர்களே, அது தினமும் அந்தச் சமையலறைக் கதவருகே எனக்குக் கேட்கிறது.

பத்து நாள் என்று சொல்லிப் போனீர்கள். ஐந்து மாதம் ஆகிறது. எப்போது வருவீர்கள் என்று நான் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரதி


கோலா சாவா,
28 ஜூலை, ஞாயிறு

மாதவியின் அப்பாவுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று நாளாகத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாதவி நன்றாக இருக்கிறாள். பள்ளிப் பிள்ளைகள் பதினான்கு பேரும் நன்றாக இருக்கிறார்கள். எனக்கும் ஒன்றும் இல்லை. இனி பயப்படாமல் படியுங்கள்.

போன திங்கட்கிழமை பத்து மணி இருக்கும். முதல் நாள் நல்ல மழை. பிள்ளைகள் பசியாறிவிட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்து கண்ணை மூடினேன். அன்று எனக்கே நன்றாக அமைந்தது. மழை விட்ட குளிர்ச்சி, பிள்ளைகளின் மூச்சுச் சத்தம், என் மூச்சு தானாகப் போய்த் தானாக வந்தது. நீங்கள் எழுதியதெல்லாம் இதுதானோ என்று நினைத்தேன்.

பக்கத்துச் சமையலறையில் பஞ்சாலை அக்கா பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். காலடியில் பள்ளிப் பூனை படுத்திருந்ததாம். அது தலையைத் தூக்கி வகுப்புப் பக்கம் பார்த்திருக்கிறது. எலியைக் கண்டால் பார்க்கிற பார்வை அது இல்லை என்று அக்காவுக்குப் பட்டிருக்கிறது. அவ்வளவுதான். கத்தியை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

எனக்கு அவர் குரல்தான் முதலில் கேட்டது. சோறு வெந்துவிட்டது என்று சொல்வாரே, அதே குரல். "புள்ளைங்களா, யாரும் கண்ணத் தொறக்கக் கூடாது. அத்தை ஒரு வெளயாட்டு வெச்சிருக்கேன். மூச்ச நான் எண்ணுறேன், நீங்க விடுங்க. ஒண்ணு" என்றார்.

பிள்ளைகள் திறக்கவில்லை. நான்தான் திறந்தேன்.

கருநாகம். என் மணிக்கட்டுத் தடிமன் இருக்கும். மாதவியின் மடித்த முழங்கால் மேல் போய்க்கொண்டிருந்தது. தலை அடுத்த பிள்ளையைத் தாண்டிவிட்டது, வால் இன்னும் நம் பிள்ளையின் சீருடை மேல் கிடந்தது. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பல் இல்லாத வாயால் அக்காவோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். அலற வாயைத் திறந்துவிட்டேன். அப்போது பஞ்சாலை அக்காவின் முகத்தைப் பார்த்தேன். வந்த சத்தம் அப்படியே உள்ளே போய்விட்டது.

அந்த முகத்தை எப்படிச் சொல்வேன்? பயம் இல்லாமல் இல்லை, நெற்றியெல்லாம் வேர்வை. ஆனால் அந்தப் பயம் அவரை எங்கேயும் இழுத்துக்கொண்டு போகவில்லை. கண் பாம்பை விட்டு நகரவில்லை. வாய் எண்ணிக்கொண்டே இருந்தது. கை மட்டும் எனக்குப் பின்கதவைக் காட்டியது. ஒரு பிள்ளையின் மூச்சு வேகமானபோது எண்ணுகிற வேகத்தைக் குறைத்தார். அந்தப் பிள்ளையும் அடங்கியது. ஒரே ஆள், ஒரே சமயத்தில் அந்த அறை முழுவதும் இருந்தார்.

பாம்பு போய் பொம்மை அலமாரிக்குக் கீழே சுருண்டது. நான் பின்கதவைத் திறந்து வாசலில் நின்றேன். அக்கா ஒவ்வொரு பிள்ளையாகத் தலையைத் தொட்டு, கையைப் பிடித்து, கண்ணை மூடியபடியே நடத்திக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். எண்ணுவதை நிறுத்தவே இல்லை. ஒன்பதாவதாக மாதவி வந்தாள். "நான் அசையவே இல்லம்மா" என்று என் காதில் சொன்னாள். நான் அவளைத் தூக்கிக்கொள்ளவில்லை. தூக்கினால் அடுத்த பிள்ளையை வாங்கக் கை இருக்காது.

பன்னிரண்டாவது பிள்ளை பாயில் கால் தடுக்கித் தடாலென்று விழுந்தது. அலமாரிக்குக் கீழிருந்து பாம்பு படமெடுத்து எழுந்து துப்பியது. அந்த வகை நாகம் கண்ணைப் பார்த்து விஷம் துப்பும் என்று எனக்கு அப்போது தெரியாது. அக்கா பிள்ளையை வாரி வயிற்றோடு சேர்த்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார். முழுதாகத் திரும்ப நேரம் இல்லை. வலது கண்ணில் பட்டுவிட்டது. முப்பத்தெட்டில் அவர் குரல் ஒரு கணம் நின்றது. பிறகு, "முப்பத்தொம்போது" என்றார். அந்தப் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, மூடிய ஒரு கண்ணோடு, மீதி இருந்த இரண்டு பேருக்காகத் திரும்பி உள்ளே போனார்.

கதவைச் சாத்திய பிறகுதான் தரையில் உட்கார்ந்தார். குழாயடியில் வைத்து அவர் கண்ணில் நான் தண்ணீர் ஊற்றினேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "எண்ணிட்டீங்களா டீச்சர், பதினாலும் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது அக்கா என்றேன். "அப்ப சரி" என்றார்.

தீயணைப்பு வண்டியில் பொம்பாக்காரர்கள் வந்து பாம்பைப் பிடித்தார்கள். அவர்களில் பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இத்தனை சின்னப் பிள்ளைகள் எப்படி அசையாமல் இருந்தார்கள் என்று மலாய் மொழியில் கேட்டார். ஒரு பிள்ளை காலை உதறியிருந்தால் கடித்திருக்குமாம். கண்ணைத் திறந்து அலறியிருந்தால் எல்லார் முகத்திலும் துப்பியிருக்குமாம். தினமும் ஐந்து நிமிஷம் கண்ணை மூடி உட்காருவார்கள் என்று சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் அக்காவின் கண்ணுக்கு மருந்து போட்டுக் கட்டினார்கள். உடனே கழுவியதால் பார்வைக்கு ஆபத்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

புதன்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். எட்டு மாதத்தில் முதல் தடவை. வாசலில் நின்று செருப்பைக் கழற்ற அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டவள் நானாகத்தான் இருப்பேன். நல்லசாமி அண்ணன் நாற்காலியில் இருந்தார். அக்கா ஒற்றைக் கண்ணோடு அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, வெட்டியது போக மிஞ்சிய அந்தக் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. "ஒக்காருங்க டீச்சர், இத முடிச்சிடறேன்" என்றார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முட்டிக்குக் கீழே தையல் போட்ட இடத்தை ஈரத்துணியால் ஒற்றினார். ஒவ்வொரு ஒற்றலுக்கும் அண்ணன் முகத்தைப் பார்த்தார். வேறு எங்கேயும் பார்க்கவில்லை.

அன்றைக்கு உங்களால் எப்படி முடிந்தது என்று அக்காவிடம் கேட்டேன். தியானம் பழகியிருக்கிறீர்களா என்றும் கேட்டேன். அக்கா சிரித்துவிட்டார். "எனக்கு அதெல்லாம் வராதுலா டீச்சர். கண்ண மூடுனா தூங்கிடுவேன்" என்றார். பிறகு துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "மொத மாசம் அழுதுக்கிட்டேதான் இதக் கழுவுனேன். அவரு வலியில கத்துவாரு. நான் எதையாச்சும் நெனச்சா என் கை அழுத்திடுது, அதான். கோவம் வந்தாலும் அழுத்துது, அழுகை வந்தாலும் அழுத்துது. அப்புறம், கழுவுறப்ப கழுவுறது மட்டும்தான்னு வெச்சிக்கிட்டேன். அது அப்படியே ஒட்டிக்கிச்சு. காய் நறுக்கும்போதும் அப்படித்தான் இருக்கு."

உங்கள் குரு சொன்ன தட்டுக் கழுவும் கதை எனக்கு அங்கேதான் புரிந்தது. அன்று நான் தியானத்தில் இருந்தேன், அக்கா விழிப்பில் இருந்தார். என் பக்கத்தில் பாம்பு வந்தது எனக்குத் தெரியவில்லை, பூனை தலை தூக்கியது அவருக்குத் தெரிந்தது. அதற்காக உட்கார்ந்தது வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகளுக்கு அந்த ஐந்து நிமிஷப் பழக்கம் இல்லாவிட்டால் அக்காவின் விழிப்பு மட்டும் என்ன செய்திருக்கும்? எது பெரியது என்று அளக்க நான் யார்? இரண்டும் ஒரே அறையில் இருந்த நாற்பது சொச்ச மூச்சு நேரத்தை என் கண்ணால் பார்த்தேன், எனக்கு அது போதும்.

உங்களைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. அண்ணன்தான் எடுத்தார். "சசி எப்படிம்மா இருக்கான்? கண்ண மூடி உக்காரப் படிச்சிருக்கானாமே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அண்ணன் மெதுவாகச் சொன்னார். இல்லாமல் போன அந்தக் காலின் பெருவிரல் தினமும் எரிகிறதாம். தடவிவிடலாம் என்று கையை நீட்டினால் அங்கே ஒன்றும் இருக்காதாம். மாத்திரை கேட்கவில்லையாம். "இருக்கிற கால இவ பாத்துக்கிறா. இல்லாத கால யாரு பாத்துக்கிறது? அங்க யாரு கையும் போகாது. நானேதான் உள்ள போயிப் பாக்கணும், எனக்கு வழி தெரியல. சசிய வந்து சொல்லிக் குடுக்கச் சொல்லும்மா" என்றார். அக்கா என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

எட்டு மாதமாக அந்த வீட்டில் நம்மேல் என்ன இருக்கும் என்று பயந்து பயந்து நடந்தேன். அங்கே இருந்தது இதுதான். அவர் கால் போனதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நீங்கள் கற்றதில் கொஞ்சம் வேண்டும் என்று கேட்கிறார்.

இரண்டாவதான விழிப்பு இன்னும் வரவில்லை என்று அங்கேயே இருந்துவிடாதீர்கள். அது இங்கேயும் வரும். வராவிட்டாலும் நீங்கள் எங்களுக்கு வேண்டும்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார அண்ணனால் முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தியானம் செய்யலாமா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார். பதிலைக் கடிதத்தில் எழுதாதீர்கள். நேரில் வந்து அவரிடமே சொல்லுங்கள்.

வழியெல்லாம் முருகன் உங்களோடு வரட்டும்.

உங்கள்
ரதி